நரம்புச் சிதைவு நோய்களில் புரதத் திரட்சியைக் காட்டும் ஒளிர்காட்டியை வடிவமைப்பது எப்படி?

அல்சைமர் நோயில் அமிலாய்டு பீட்டாவும் டாவ் புரதமும், பார்க்கின்சன் நோயில் ஆல்ஃபா-சைநியூக்ளினும், ஹண்டிங்டன் நோயில் குளூட்டமின் தொடர் அளவுக்கு மீறி நீண்டுவிட்ட ஹண்டிங்டினும் தம் இயல்பான நிலையை இழந்து ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. இந்தத் திரட்சி எப்போது தொடங்குகிறது, எவ்வளவு வேகமாக வளர்கிறது, ஒரு மருந்து மூலக்கூறு அதைத் தடுக்கிறதா என்பதையெல்லாம் ஒளியைக் கொண்டு அறிய உதவும் சிறு கரிம மூலக்கூறுகளையே இங்கு ஒளிர்காட்டிகள் என்கிறோம். கரிம வேதியியலோ உயிர்வேதியியலோ படித்து, ஒளிர்வுமானியைக் கையாளத் தெரிந்த ஆய்வு மாணவர் ஒருவர் அத்தகைய மூலக்கூறு ஒன்றைப் புதிதாக உருவாக்க விரும்பினால் எந்த வரிசையில் சிந்திக்க வேண்டும், எங்கெல்லாம் ஐயப்பட வேண்டும் என்பதைப் பின்வரும் பகுதிகள் விளக்குகின்றன. புரதத்தைச் சேர்த்தவுடன் சாயம் பளிச்சென்று ஒளிர்ந்தால் பாதி வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் அந்த ஒளி எதனால் வந்தது என்ற கேள்வி அப்போதுதான் தொடங்குகிறது.

எதைக் காண விரும்புகிறோம்?

மூலக்கூறின் அமைப்பை வரைவதற்கு முன்னரே, எந்தப் புரதத்தின் எந்த நிலையை எந்தச் சூழலில் காண வேண்டும் என்பதை ஒரே வாக்கியமாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். திரட்சி என்பது ஒரே பொருள் அல்ல. தனித்தனியாக மிதக்கும் ஒற்றை மூலக்கூறுகள் முதலில் சில எண்ணிக்கையில் கூடி ஒலிகோமர்கள் எனப்படும் சிறுதிரள்களாகின்றன. அவற்றில் பல மீண்டும் கரைந்துபோக, சில மட்டும் நெடிய நாரிழைகளாக வளர்கின்றன. நாரிழைகள் உருவானபின் அவற்றின் மேற்பரப்பே புதிய திரள்கள் பிறப்பதை ஊக்குவிக்கிறது. நரம்பணுக்களுக்குக் கூடுதல் தீங்கு செய்வது சிறுதிரள்களே என்பது இத்துறையில் வலுவான கருத்து. ஆனால் நம் கையில் உள்ள சாயங்களில் பெரும்பாலானவை நாரிழைகளையே நன்றாகக் காட்டுகின்றன. இந்த முரண்பாட்டை மனத்தில் கொள்ளாமல் தொடங்கப்படும் ஆய்வுகள், நாரிழையை அளந்துவிட்டு நச்சுத்தன்மையைப் பற்றிப் பேசுவதில் முடிகின்றன.

எந்த நோயைச் சேர்ந்ததாயினும் அமிலாய்டு நாரிழைகளுக்குப் பொதுவான கட்டமைப்பு ஒன்று உண்டு. பீட்டா இழைகள் நாரின் நீள் அச்சுக்குக் குறுக்காக, ஒன்றிலிருந்து ஒன்று ஏறத்தாழ 4.7 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. இவ்வாறு உருவாகும் தாள்கள் ஏறத்தாழ 10 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. ஒரே அமினோ அமிலம் ஒவ்வோர் அடுக்கிலும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வருவதால், நாரின் மேற்பரப்பில் நீளவாக்கில் குறுகிய பள்ளங்கள் ஓடுகின்றன. சாயங்கள் பற்றிக்கொள்ளும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். ஆகவே அமிலாய்டு பீட்டாவைப் பற்றும் சாயம் இன்சுலின் நாரிழையையும் பற்றினால் வியப்பதற்கில்லை. குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் காட்ட வேண்டுமென்றால் இந்தப் பொதுமையைத் தாண்டிய ஏதோ ஒரு வேறுபாட்டைத் தேடியாக வேண்டும்.

சூழலும் இதே அளவுக்கு முக்கியமானது. குழித்தட்டில் உள்ள தூய புரதக் கரைசல், வளர்ப்பூடகத்தில் உயிரோடுள்ள செல், இறந்தவரின் மூளையிலிருந்து வெட்டிய மெல்லிய திசு, உயிருள்ள சுண்டெலியின் மூளை ஆகிய நான்கும் நான்கு வகையான மூலக்கூறுகளைக் கேட்கின்றன. நான்குக்கும் ஒன்றே போதும் என்று திட்டமிடுவது வீண்.

உயிருள்ள செல்லுக்குள் ஒரு குறிப்பிட்ட புரதத்தைப் பின்தொடர வேண்டுமெனில், சிறு சாயத்தை விடப் புரதத்திலேயே அடையாளத்தை இணைத்துவிடுவது பொருத்தமாக இருக்கலாம். பச்சை ஒளிர் புரதம் 238 அமினோ அமிலங்களையும் சுமார் 27 கிலோடால்டன் நிறையையும் கொண்டது. அமிலாய்டு பீட்டா 42 வெறும் 4.5 கிலோடால்டன். ஆறு மடங்கு பெரிய ஒன்றை முதுகில் சுமக்கும் பெப்டைடு இயல்பாகவே திரளும் என்று எதிர்பார்க்க முடியாது. ஹண்டிங்டின் போன்றவற்றுக்கு இந்த இணைப்பு வெகுவாகப் பயன்பட்டிருந்தாலும் நாரின் அமைப்பு அதனால் மாறக்கூடும் என்ற எச்சரிக்கை எப்போதும் தேவை. ரோஜர் சியென் குழுவினர் 1998-இல் அறிமுகப்படுத்திய, சிஸ்டீன் என்ற கந்தக அமினோ அமிலம் நான்கைக் கொண்ட குறுந்தொடரும், அதனோடு பிணைந்தால் மட்டுமே ஒளிரும் ஆர்செனிக் சாயமும் சுமையை வெகுவாகக் குறைக்கின்றன. ஆல்ஃபா-சைநியூக்ளினின் 140 அமினோ அமிலங்களில் ஒரு சிஸ்டீன்கூட இல்லை என்பது இங்கு ஒரு வசதி: விரும்பிய இடத்தில் ஒன்றை மட்டும் புகுத்தி, அதில் சாயத்தைப் பிணைக்கலாம். 90-ஆம் இடத்தில் உள்ள அலனினைச் சிஸ்டீனாக மாற்றி, புரத மூலக்கூறுகளில் ஒரு பகுதிக்குப் பச்சைச் சாயமும் எஞ்சியவற்றுக்குச் சிவப்புச் சாயமும் பிணைத்து, இரண்டும் நெருங்கும்போது நிகழும் ஆற்றல் பரிமாற்றத்தின் வழியே சிறுதிரள்களை ஒவ்வொன்றாக எண்ணிய ஆய்வு கேம்பிரிட்ஜில் 2012-இல் வெளிவந்தது.

ஒளி பிறக்கும் வழி

இனி, எதனோடும் பிணைக்கப்படாமல் தானே சென்று திரளைப் பற்றும் சிறுமூலக்கூறுகளைப் பார்ப்போம். இத்துறைக்கு அளவுகோலாக நிற்பது தயோஃபிளேவின் டி. அமிலாய்டுக்குக் காங்கோ சிவப்புச் சாயத்தைப் பயன்படுத்தும் வழக்கம் 1922-இலேயே தொடங்கிவிட்டது. தயோஃபிளேவினைத் திசுக்களில் வசாரும் கல்லிங்கும் 1959-இல் பயன்படுத்தினர். கரைசலில் அளவிடும் முறை 1989-க்குப் பின் நைக்கி, லெவைன் ஆகியோரின் ஆய்வுகளால் நிலைபெற்றது. இன்று வரை புதிய சாயம் ஒவ்வொன்றும் இதனோடுதான் ஒப்பிடப்படுகிறது.

அதன் செயல்முறையைப் புரிந்துகொண்டால் பாதி வடிவமைப்புத் தெரிந்துவிடும். ஒரு பென்சோதயசோல் பகுதியும் ஒரு டைமெத்தில் அனிலின் பகுதியும் ஒற்றைப் பிணைப்பொன்றால் இணைந்திருக்கின்றன. நீரில் ஒளியை உட்கவர்ந்து கிளர்வடைந்தவுடன் இந்த இரு பகுதிகளும் அந்தப் பிணைப்பைச் சுற்றி ஒன்றுக்கொன்று முறுக்கிக்கொள்கின்றன. முறுக்கிய நிலையில் ஆற்றல் ஒளியாக வெளிவராமல் வெப்பமாகக் கழிந்துவிடுகிறது. எனவே நீரில் அதன் குவாண்டம் விளைவு, அதாவது உட்கவர்ந்த ஃபோட்டான்களில் ஒளிர்வாக வெளிவருவனவற்றின் பங்கு, 0.0001 என்ற அளவிலேயே இருக்கிறது. நாரிழையின் பள்ளத்துக்குள் நுழைந்ததும் முறுகுவதற்கு இடமில்லாததால், அதே ஆற்றல் ஒளியாக வெளிப்படுகிறது. ஏறத்தாழ 450 நானோமீட்டரில் கிளர்வூட்டி 482 நானோமீட்டரில் அளந்தால் ஒளிர்வு ஆயிரம் மடங்குக்கு மேல் உயர்வதைக் காணலாம். இத்தகைய மூலக்கூறுகள் மூலக்கூறுச் சுழலிகள் எனப்படுகின்றன.

சுழலியைத் தவிர வேறு வழிகளும் உண்டு. நைல் சிவப்பு, அனிலினோ நாஃப்தலீன் சல்ஃபோனேட் போன்றவை சூழலின் முனைவுத்தன்மைக்கு ஏற்ப ஒளிரும். நீர்வெறுப்புப் பரப்பு வெளிப்பட்டிருக்கும் சிறுதிரள்களை அணுக இவை உதவும். நைல் சிவப்பின் உமிழ்வு நிறமே மாறுவதால், அது எத்தகைய பரப்பில் அமர்ந்திருக்கிறது என்பதையும் ஓரளவு சொல்லும். ஸ்வீடனின் லிங்ஷோப்பிங்கில் உருவாக்கப்பட்ட தயோஃபீன் தொடர்ச் சாயங்களோ, நாரிழையின் வடிவத்துக்கேற்பத் தம் முதுகெலும்பையே வளைத்துக்கொண்டு வெவ்வேறு நிறமாலை தருகின்றன; ஒரே மூளையில் உள்ள பல வகைத் திரள்களைப் பிரித்தறிய விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டியவை இவைதான். 2001-இல் பென் ஜோங் டாங் குழுவினர் விளக்கிய, கூடினால் ஒளிரும் சாயங்கள் பார்ப்பதற்குக் கவர்ச்சியானவை. ஆயினும் புரதம் திரளாமலே சாயம் மட்டும் நீரில் கூடி ஒளிர்ந்துவிடும் ஆபத்து அவற்றின் இயல்பிலேயே இருப்பதால், தொடக்கநிலையில் உள்ளவருக்கு அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை.

மூலக்கூறை வரைதல்

எளிய தொடக்கம் ஈனி–பாலம்–ஏற்பி என்ற அமைப்பு. ஒரு முனையில் எலக்ட்ரானை ஈனும் டைமெத்தில் அமினோ பீனைல் போன்ற தொகுதி, நடுவில் இணைவுற்ற இரட்டைப் பிணைப்புகள், மறுமுனையில் டைசயனோவினைல் போன்ற ஏற்பி. பொருத்தமான ஆல்டிஹைடையும் மலோனோநைட்ரைலையும் எத்தனாலில் சிறிது பிப்பெரிடீன் சேர்த்து வினைப்படுத்தும் நோவநாகல் குறுக்கவினையால் இவற்றை ஒரே நாளில் தயாரித்துவிடலாம் என்பதால், ஒரே ஒரு மூலக்கூறோடு நிற்காமல் பாலத்தில் ஒன்று, இரண்டு, மூன்று இரட்டைப் பிணைப்புகள் கொண்ட ஒரு சிறு வரிசையாகத் தயாரிப்பது நல்லது. வரிசையாகச் சோதித்தால்தான் எந்த மாற்றம் எந்த விளைவைத் தந்தது என்பது விளங்கும்.

நீளமும் தட்டைத்தன்மையும் பள்ளத்தில் பொருந்துவதைத் தீர்மானிக்கின்றன. தயோஃபிளேவின் டி ஏறத்தாழ 15 ஆங்ஸ்ட்ராம் நீளமுடையது. பள்ளத்தில் நீளவாக்கில் கிடக்கும்போது அது நான்கைந்து பீட்டா இழைகளைத் தழுவிக் கிடக்கிறது. சிறுதிரள்களை அது சரியாகக் காட்டாததற்கு இதுவும் ஒரு காரணம், அத்தனை இழைகள் ஒழுங்காக அடுக்கப்பட்ட பரப்பு அங்கே இருப்பதில்லை. மூலக்கூறின் பக்கவாட்டில் பருத்த தொகுதிகளைச் சேர்த்தால் கரைதிறன் கூடும், ஆனால் பள்ளத்துக்குள் அது நுழையாது.

பலர் சறுக்கும் இடம் விறைப்பு. குவாண்டம் விளைவை உயர்த்துவதற்காக எல்லாப் பிணைப்புகளையும் வளையங்களுக்குள் பூட்டிவிட்டால் சாயம் எங்கும் எப்போதும் ஒளிரும். நாரிழையைச் சந்தித்ததற்கான மாற்றம் எதுவும் அதில் தெரியாது. ஈனியின் நைட்ரஜனை ஜூலோலிடீன் வளையத்தில் பூட்டலாம். ஆனால் ஏற்பிக்குச் செல்லும் ஒரு பிணைப்பாவது சுதந்திரமாக முறுக வேண்டும்.

மின்னூட்டத்தைப் பொறுத்தவரை, தயோஃபிளேவின் டி-யின் நேர்மின் சுமை அதற்கு நீரில் கரையும் தன்மையைத் தருகிறது. அதே சுமைதான் இரத்த-மூளைத் தடுப்பைக் கடக்க முடியாதபடியும் செய்கிறது. வில்லியம் கிளங்க், செஸ்டர் மாத்திஸ் ஆகியோர் பிட்ஸ்பர்க்கில் செய்தது இந்தச் சுமையை நீக்கியதுதான். நைட்ரஜன் மீதிருந்த மெத்தில் தொகுதியை எடுத்துவிட்டு நடுநிலை மூலக்கூறாக மாற்றியபோது அது மூளைக்குள் நுழைந்தது, நாரிழையோடு பிணையும் வலிமையும் பன்மடங்கு கூடியது. பிட்ஸ்பர்க் சேர்மம் பி என்ற பெயரில், கதிரியக்கக் கார்பன் ஏற்றப்பட்டு, உயிரோடுள்ள அல்சைமர் நோயாளிகளின் மூளையில் அமிலாய்டைக் காட்டிய அதன் முடிவுகள் 2004-இல் வெளியாயின. கட்டமைப்பில் ஓரிடத்து மாற்றம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இத்துறையில் இல்லை.

மூளைக்குள் செல்ல வேண்டிய சாயத்துக்கு மூலக்கூறு எடை 500-க்குள், முடிந்தால் 400-க்குள் இருக்க வேண்டும். கொழுப்பில் கரையும் தன்மையைக் காட்டும் ஆக்டனால்–நீர் பங்கீட்டின் மடக்கை ஏறத்தாழ 1 முதல் 3 வரை இருப்பது நல்லது. ஹைட்ரஜன் பிணைப்பை ஈனும் தொகுதிகள் மிகக் குறைவாக இருக்க வேண்டும். அதே வேளையில் திசுவுக்குள் ஆழமாகப் பார்க்க 650 முதல் 900 நானோமீட்டர் வரையிலான அண்மை அகச்சிவப்பில் ஒளிர வேண்டும் என்றால் பாலத்தை நீட்டியாக வேண்டும். நீட்ட நீட்டக் கொழுப்பில் கரையும் தன்மை கூடி, நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையில் சாயம் தேங்கிவிடும். இந்த இழுபறிக்கு முழுத் தீர்வு கிடையாது. பாலத்தின் நடுவே ஒரு பென்சீன் வளையத்தைப் பிரிடீனாக மாற்றுவது, டைமெத்தில் அமினோவின் ஒரு மெத்திலை ஹைட்ராக்சி எத்திலாக மாற்றுவது போன்ற சிறு சமரசங்களால்தான் சமாளிக்கிறோம்.

மஞ்சளில் உள்ள குர்குமின் இங்கே ஒரு சுவையான உதாரணம். இரு முனைகளிலும் அரோமாட்டிக் வளையங்கள், நடுவில் இணைவுற்ற டைகீட்டோன் என்று அமிலாய்டு பள்ளத்துக்கேற்ற வடிவம் அதற்கு இயற்கையாகவே அமைந்திருக்கிறது. நடுவில் போரான் டைஃபுளோரைடைப் பிணைத்து, முனைகளில் டைமெத்தில் அமினோ தொகுதிகளைச் சேர்த்து 2009-இல் உருவாக்கப்பட்ட க்ரனாட்-2 என்ற சாயம், அமிலாய்டு பீட்டா திரளோடு சேர்ந்ததும் ஏறத்தாழ 70 மடங்கு அதிகமாக ஒளிர்ந்தது. அதன் உமிழ்வு 805-இலிருந்து 715 நானோமீட்டருக்கு நகர்ந்தது. மஞ்சளைச் சாப்பிட்டால் மறதி வராது என்று கைபேசிகளில் சுற்றும் செய்திகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

புரதத்தைத் தொடுவதற்கு முன்

தயாரித்த சாயத்தை உடனே புரதத்தில் ஊற்றிப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ள வேண்டும். முதலில் கிளிசராலையும் நீரையும் பல விகிதங்களில் கலந்து, ஒவ்வொன்றிலும் ஒரே செறிவில் சாயத்தின் ஒளிர்வை அளக்க வேண்டும். ஒளிர்வின் மடக்கையைப் பாகுநிலையின் மடக்கைக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு கிடைக்குமானால், அது சுழலியாகச் செயல்படுகிறது என்று கொள்ளலாம். பின்னர் டையாக்சேன், அசிட்டோநைட்ரைல், மெத்தனால் என்று முனைவுத்தன்மையில் வேறுபட்ட, ஆனால் பாகுநிலை குறைந்த கரைப்பான்களிலும் அளந்து இரண்டு விளைவுகளையும் பிரித்தறிய வேண்டும். குவாண்டம் விளைவை ஒப்பீட்டு முறையில் கணக்கிடும்போது உட்கவர்தல் 0.1-க்குக் கீழே இருக்கட்டும். நீலப் பகுதிக்கு, 0.5 மோலார் கந்தக அமிலத்தில் கரைத்த குயினைன் சல்ஃபேட் ஏற்ற ஒப்பீட்டுப் பொருள்.

அடுத்து, புரதமே இல்லாத தாங்கல் கரைசலில் சாயத்தின் செறிவைப் படிப்படியாக உயர்த்தி, உட்கவர்தல் நேர்கோட்டில் உயர்கிறதா என்று பார்க்க வேண்டும். கோடு எங்கே வளைகிறதோ அங்கே சாயம் தனக்குள் கூடத் தொடங்குகிறது. சோதனைகளை அந்தச் செறிவுக்குக் கீழேயே நடத்த வேண்டும். ஒப்பீட்டுக்கான தயோஃபிளேவின் டி-யும் கடையில் வாங்கியபடியே நம்பத்தக்கதன்று. எடைபோட்ட அளவை நம்பாமல், கரைத்து 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் செலுத்தி, 412 நானோமீட்டரில் உட்கவர்தலை அளந்து, மோலார் உட்கவர் குணகம் 36,000 எனக் கொண்டு செறிவைக் கணக்கிட்டு, ஒளி படாமல் வைத்திருக்க வேண்டும்.

புரதமும் குழித்தட்டும்

ஒளிர்காட்டியின் தரம் சோதிக்கப்படும் புரதத்தின் தரத்தைத் தாண்டாது. உறைய வைத்து உலர்த்தி விற்கப்படும் அமிலாய்டு பீட்டா 42 தூளில் ஏற்கெனவே சிறு திரள்கள் இருக்கும். அவை விதைகளாகச் செயல்பட்டு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு வேகத்தைக் காட்டும். ஆகவே 6 மோலார் குவானிடீன் ஹைட்ரோகுளோரைடில் கரைத்து, மூலக்கூறுகளை அளவின்படி பிரிக்கும் அளவுவிலக்கக் குரோமட்டோகிராஃபி வழியே 20 மில்லிமோலார் சோடியம் பாஸ்ஃபேட், பிஹெச் 8.0, 0.2 மில்லிமோலார் இடிடிஏ கொண்ட கரைசலில் பிரித்தெடுத்து, ஒற்றை மூலக்கூறு முகட்டின் நடுப்பகுதியை மட்டும் பனிக்கட்டியில் வைத்த, புரதம் ஒட்டாத குழாய்களில் சேகரிக்க வேண்டும். முகட்டின் இரு ஓரங்களையும் சிக்கனம் பார்த்துச் சேர்த்துக்கொள்ளக் கூடாது.

தட்டு கருப்பாகவும், அடிப்புறம் தெளிவாகவும், பாலிஎத்திலீன் கிளைக்கால் பூசப்பட்டதாகவும், பாதிப் பரப்புக் குழிகள் கொண்டதாகவும் இருப்பது நல்லது. தட்டையும் பனிக்கட்டிமேல் வைத்து, குமிழி வராதபடி ஒவ்வொரு குழியிலும் 80 முதல் 100 மைக்ரோலிட்டர் ஊற்றி, ஒட்டுத்தாளால் மூடி, 37 டிகிரிக்குச் சூடாக்கப்பட்ட கருவியில் வைக்க வேண்டும். முதல் சில நிமிடங்களில் ஒளிர்வு கீழிறங்குவதைக் காணலாம். அது திரட்சி குறைவதால் அன்று, குளிர்ந்த கரைசல் சூடேறும்போது சாயத்தின் ஒளிர்வு குறைவதால். அந்த இறக்கம் அடங்கிய இடத்தையே அடிக்கோடாகக் கொள்ள வேண்டும். அதன்பின் நெடிய சமவெளி, திடீர் ஏற்றம், மேல் சமவெளி என்ற எஸ் வடிவ வளைகோடு கிடைக்கும். சில மைக்ரோமோலார் அமிலாய்டு பீட்டா 42, அசைக்காமலே ஓரிரு மணிகளில் ஏறிவிடும்; ஆல்ஃபா-சைநியூக்ளினுக்கோ 50 முதல் 100 மைக்ரோமோலார் செறிவும், கண்ணாடி மணியோடு இடைவிடாத குலுக்கலும், பல நாட்களும் தேவைப்படலாம். நாட்கணக்கில் ஓடும் சோதனையில் நுண்ணுயிர் வளராமல் இருக்கச் சிறிது சோடியம் அசைடு சேர்ப்பது வழக்கம்.

டாவ் புரதம் தனியாக எளிதில் திரளாது என்பதால் ஹெப்பாரினைச் சேர்த்துத் திரள வைப்பதே ஆய்வகங்களில் நெடுநாள் வழக்கமாக இருந்தது. ஆனால் கேம்பிரிட்ஜில் உள்ள மருத்துவ ஆய்வு மன்றத்தின் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் 2017 முதல் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் கண்டறியப்பட்ட மூளை நாரிழைகளின் வடிவமும் ஹெப்பாரின் தந்த நாரிழைகளின் வடிவமும் வேறுவேறு என்பது தெளிவாகிவிட்டது. ஒரே புரதம் அல்சைமர் நோயில் ஒரு மடிப்பையும் பிக் நோயில் வேறொரு மடிப்பையும் எடுக்கிறது. எனவே ஹெப்பாரின் நாரிழையில் அருமையாக ஒளிரும் சாயம் நோயாளியின் திசுவில் இருண்டுகிடந்தால் அதில் மர்மம் எதுவும் இல்லை, பள்ளமே வேறு. வாய்ப்பிருப்பவர்கள், மூளைத் திசுவிலிருந்து பிரித்தெடுத்த நாரிழைகளைக் கடைசிக் கட்டத்துக்கு ஒத்திவைக்காமல் முதல் சுற்றிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒளியை விசாரித்தல்

பிணைப்பு வலிமையை அறிய, நாரிழையின் செறிவை மாறாமல் வைத்துக்கொண்டு சாயத்தைப் படிப்படியாகச் சேர்த்து, ஒளிர்வு செறிவடையும் வளைகோட்டிலிருந்து பிரிகை மாறிலியைக் கணக்கிடுவர்; அது எவ்வளவு சிறியதோ பிணைப்பு அவ்வளவு வலியது. இங்கே இரண்டு பொறிகள் உள்ளன. நாரிழையின் செறிவை ஒற்றை மூலக்கூறுகளின் செறிவாகவே குறிப்பிடுகிறோம். ஆனால் பல மூலக்கூறுகளுக்கு ஒரு பிணைப்பிடம் என்ற விகிதத்தில்தான் இடங்கள் இருக்கும். எனவே நானோமோலார் வலிமையுள்ள சாயத்துக்கு எளிய சமன்பாட்டைப் பயன்படுத்தாமல், பிணைந்ததால் குறைந்துபோகும் சாயத்தையும் கணக்கில் கொள்ளும் இருபடிச் சமன்பாட்டைப் பயன்படுத்த வேண்டும். இரண்டாவது, செறிவு கூடும்போது சாயமே கிளர்வொளியை விழுங்கிவிடும் உள்வடிப்பு விளைவு. கிளர்வு அலைநீளத்திலும் உமிழ்வு அலைநீளத்திலும் உள்ள உட்கவர்தல்களைக் கூட்டிப் பாதியாக்கி, 10-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தி, அளந்த ஒளிர்வை அதனால் பெருக்கினால் ஓரளவு திருத்தம் கிடைக்கும். இந்தத் திருத்தம் இல்லாத வளைகோடு, செறிவடைந்துவிட்டதைப் போலப் பொய்த் தோற்றம் தரும்.

சாயமே திரட்சியைத் தடுக்கிறதா, தூண்டுகிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும். சாயத்தை மூன்று நான்கு செறிவுகளில் தொடக்கத்திலிருந்தே சேர்த்துப் பாதி ஏற்றத்துக்கான நேரத்தை ஒப்பிடலாம். சாயமே இல்லாமல் திரளவிட்டு, குறித்த நேரங்களில் சிறிதளவு எடுத்துச் சாயத்தோடு கலந்தும் அளக்கலாம். இரண்டும் ஒத்துப்போனால் கவலை இல்லை. குர்குமின், குவெர்செட்டின் போன்ற நிறமுள்ள சேர்மங்களை மருந்தாகச் சோதிப்போர் அடிக்கடி ஏமாறுவது இதற்கு மறுபக்கம்: ஒளிர்வு குறைந்ததற்குக் காரணம் நாரிழை குறைந்ததாக இருக்க வேண்டியதில்லை, அந்தச் சேர்மம் ஒளியை உறிஞ்சியதாகவோ சாயத்தை அதன் இடத்திலிருந்து தள்ளிவிட்டதாகவோ இருக்கலாம். ஆகவே ஒளிர்வு சொல்வதை, ஒளிர்வைச் சாராத முறை ஒன்றாவது உறுதிசெய்ய வேண்டும். ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நாரிழையைக் கண்ணால் காண்பது, வட்ட இருநிறமாலையில் 218 நானோமீட்டர் அருகே பீட்டா தாளுக்குரிய பள்ளத்தைக் காண்பது, மீவேகச் சுழற்சியில் படிந்தது எவ்வளவு மிஞ்சியது எவ்வளவு என்று அளப்பது ஆகிய மூன்றில் முதலும் கடைசியும் சேர்ந்தால் போதுமானது.

தெரிவுத்திறனைச் சோதிக்கும்போது சாயத்துக்குச் சாதகமான எதிரிகளை மட்டும் தேர்ந்தெடுக்கக் கூடாது. கொழுப்பில் கரையும் சாயங்களில் பல, இரத்தத்தின் அல்புமினோடு பிணைந்து நன்றாகவே ஒளிரும். தயோஃபிளேவின் டி, குவானின் மிகுந்த நான்கிழை டிஎன்ஏ-வோடும் பளிச்சென்று ஒளிரும் என்பது தெரிந்த செய்தி. எனவே அல்புமின், டிஎன்ஏ, ஆர்என்ஏ, லிப்பிடு நுண்பைகள், திரளாத அதே புரதம், வேறு புரதத்தின் நாரிழை ஆகிய அனைத்தையும், உண்மையான செல்லில் இருக்கக்கூடிய செறிவுகளில் வைத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும் வேறு வகையில் ஏமாற்றம் வரலாம். டாவ் புரதத்தைக் காட்டுவதற்கென உருவாக்கப்பட்ட டிஹெச்கே-5351 என்ற கதிரியக்கச் சேர்மத்தின் சமிக்ஞையில் பெரும்பங்கு மோனோஅமின் ஆக்சிடேஸ் பி என்ற நொதியிலிருந்து வந்தது என்பது, மனிதர்களில் பயன்படுத்தத் தொடங்கிய பிறகே, 2017-இல் வெளிப்பட்டது.

சிறுதிரளை மட்டும் காட்டும் சாயம் என்ற அறிவிப்புகளை நான் எப்போதும் ஐயத்தோடுதான் படிக்கிறேன். சிறுதிரள் என்று குழாயில் நாம் வைத்திருப்பது பல அளவுகளின், பல வடிவங்களின் கலவை. அளவிடும் நேரத்துக்குள்ளேயே அது மாறிக்கொண்டிருக்கிறது. அத்தகைய கூற்றை நிறுவ வேண்டுமானால், எந்த முறையில் தயாரித்தோம், எத்தனை நிமிடங்களுக்குள் அளந்தோம், அதே மாதிரியில் நாரிழை எவ்வளவு கலந்திருந்தது என்பவற்றைக் காட்டியாக வேண்டும். முழு அக எதிரொளிப்பு நுண்ணோக்கியில், கண்ணாடிப் பரப்பின்மீது படிந்த திரள்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பதே நம்பகமான வழி. இதற்கு மிக வலுவாகப் பிணையும் சாயம் தேவையில்லை என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். வந்து ஒட்டி, கணநேரம் ஒளிர்ந்து, விலகிச் செல்லும் மைக்ரோமோலார் வலிமைச் சாயங்களே, ஒவ்வொரு ஒளிர்வின் இருப்பிடத்தையும் தனித்தனியே குறித்துக்கொண்டு ஒளியின் பிரிதிறன் எல்லையைத் தாண்டிய படங்களைத் தருகின்றன.

திசுவிலும் உயிருள்ள மூளையிலும்

முதியவரின் மூளைத் திசுவை நுண்ணோக்கியில் வைத்தவுடன், சாயம் எதுவும் இடாமலே மஞ்சளும் செம்மஞ்சளுமாகப் புள்ளிகள் ஒளிர்வதைக் காணலாம். நரம்பணுக்களில் வயதோடு சேரும் லிப்போஃபஸ்கின் என்ற கழிவே அது. சாயமிடாத அடுத்த வெட்டுத்துண்டை அதே ஒளி, அதே வெளிப்பாட்டு நேரத்தில் படமெடுக்காமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது. சூடான் கருப்பு பி கரைசலில் நனைத்தால் இந்தத் தன்னொளிர்வு பெருமளவு மங்கும்; ஆனால் சில சாயங்களையும் அது மங்கச் செய்வதால், முன்கூட்டியே சரிபார்க்க வேண்டும். பின்னர் அதே துண்டில் அமிலாய்டு பீட்டாவுக்கு 6இ10, பாஸ்ஃபேட் ஏறிய டாவுக்கு ஏடி8 போன்ற எதிர்ப்பொருள்களை, சாயத்தின் உமிழ்வோடு கலக்காத வேறு நிறத்தில் இட்டு, இரண்டும் ஒரே இடத்தில் பொருந்துகின்றனவா என்று பார்க்கலாம். எதிர்ப்பொருள் பட்டும் சாயம் படாத இடங்கள் தோல்வி அல்ல, பீட்டா தாள் ஒழுங்கு இல்லாத பரவலான படிவுகள் அங்கே இருக்கக்கூடும். மனித மூளைத் திசுவைப் பெற, முறையான நெறிக்குழு ஒப்புதலோடு மூளைத் திசு வங்கிகளை அணுக வேண்டும். இந்தியாவில் பெங்களூரு நிம்ஹான்ஸ் அத்தகைய வங்கி ஒன்றை நடத்துகிறது. ஒரே ஒரு நோயாளியின் திசுவோடு நின்றுவிடாமல், அதே வயதுடைய நோயற்றவரின் திசுவும், வேறொரு நரம்புச் சிதைவு நோயின் திசுவும் உடனிருக்க வேண்டும்.

உயிருள்ள சுண்டெலியில், இரு ஃபோட்டான் நுண்ணோக்கியோடு மெத்தாக்சி-எக்ஸ்04 என்ற சாயம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்பட்டு வருகிறது. அதை உடலுக்குள் செலுத்தி, பிணையாத பகுதி மூளையிலிருந்து வெளியேறக் காத்திருந்து, பொதுவாக மறுநாள் படமெடுப்பர். புதிய சாயத்துக்கும் இந்தக் கால இடைவெளியைத் தனியே கண்டறிய வேண்டும்: நோயற்ற சுண்டெலியின் மூளையிலிருந்து சாயம் எவ்வளவு விரைவில் கழுவப்பட்டு வெளியேறுகிறது என்பதை முதலில் அளந்து, அதன் பிறகே திரளுள்ள சுண்டெலிக்குச் செல்ல வேண்டும். நுழையும் வேகத்தை மட்டும் அளந்து, வெளியேறும் வேகத்தை அளக்காமல் விட்டால், படத்தில் தெரியும் ஒளியில் எவ்வளவு பங்கு திரளினுடையது என்று பிரிக்க வழியே இராது.

நோயாளியின் தண்டுவட நீரில் உள்ள மிகச் சிறிதளவு திரளை விதையாகக் கொண்டு குழித்தட்டில் பெருக்கிக் கண்டறியும் முறை, பிரியான் புரதம் திரள்வதால் வரும் குரோய்ட்ஸ்ஃபெல்ட்–யாக்கோப் நோய்க்கும் அண்மைக் காலத்தில் ஆல்ஃபா-சைநியூக்ளினுக்கும் பயன்படுகிறது. அதில் ஒளிர்வைத் தருவது இன்றும் தயோஃபிளேவின் டி-யே. அங்கே அதற்கு மாற்றாக ஒரு சாயத்தை முன்வைக்க நினைப்பவர் பிரகாசத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. நாட்கணக்கில் குலுக்கலையும் வெப்பத்தையும் ஒளியையும் தாங்குகிறதா, தண்டுவட நீரில் கலந்திருக்கும் இரத்தத்தால் மங்குகிறதா, விதையே இல்லாத குழிகளில் புரதத்தைத் தானாகத் திரளத் தூண்டுகிறதா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். மூன்றாவதைப் பார்ப்பதற்கு, விதையற்ற குழிகளின் எண்ணிக்கை விதையிட்ட குழிகளுக்குக் குறையாமல் தட்டை அமைத்துக்கொள்வது அவசியம்.